ஓர் ஆய்வுக் கட்டுரை எப்படி எல்லோர் கைக்கும் வருகிறது: பல்கலைக்கழகத் திறந்த களஞ்சியம் பற்றி

மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் சென்ற மாதம் எங்கள் நூலகத்துக்கு வந்தார். குழந்தைகள் ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளைக் கற்பது பற்றிய ஒரு கட்டுரை அவருக்கு வேண்டியிருந்தது. ஆய்விதழின் பக்கத்தில் தலைப்பு இருந்தது, சுருக்கம் இருந்தது. அதற்குக் கீழே விலை இருந்தது. முப்பத்தைந்து டாலர். "ஒரே ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாயா, சார்?" என்று கேட்டார்.

அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் இப்போது ஒரு வழி இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தில் சுமார் 6,300 நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைப் படிக்க ஒன்றிய அரசே பணம் கட்டுகிறது. எங்களுடையது தனியார் கல்லூரி. அந்த வாசல் எங்களுக்குத் திறக்காது. ஆனாலும் பத்து நிமிடத்தில் அந்தக் கட்டுரை அவருடைய மடிக்கணினியில் இருந்தது. காசு கொடுக்கவில்லை, திருட்டு இணையதளம் எதையும் தொடவில்லை. கட்டுரையை எழுதிய பேராசிரியர் பணிபுரியும் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் அது முறைப்படி வைக்கப்பட்டிருந்தது.

"அதெப்படி, அங்கே விற்பதை இங்கே இலவசமாக வைக்கலாம்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. திறந்த களஞ்சியத்தைப் புரிந்துகொள்ள அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒரு கட்டுரைக்கு மூன்று பிறவிகள்

ஆய்வாளர் எழுதி முடித்து ஆய்விதழுக்கு அனுப்பும் பிரதி முதலாவது. இதழாசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த வேறு சிலருக்கு அனுப்புகிறார். அவர்கள் படித்துக் குறை சொல்கிறார்கள், ஆய்வாளர் திருத்துகிறார், இதழ் ஏற்றுக்கொள்கிறது. திருத்தி ஏற்கப்பட்ட அந்தப் பிரதி இரண்டாவது. பதிப்பகம் அதை அச்சுக்கோத்து, பக்க எண் போட்டு, தன் சின்னத்தைப் பதித்து வெளியிடுவது மூன்றாவது.

இந்த வேலைகளுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது. பல நேரங்களில் அது மக்களின் வரிப்பணம். கட்டுரைக்காகப் பதிப்பகம் அவருக்குப் பணம் தருவதில்லை. மதிப்பாய்வு செய்தவர்களும் பெரும்பாலும் கூலி வாங்காமலே செய்கிறார்கள். பதிப்பகத்தின் உழைப்பு மூன்றாவது பிரதியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பல பதிப்பகங்கள் மூன்றாவதைத் தம் பூட்டுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டாவது பிரதியை ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. சில உடனே அனுமதிக்கும். சில ஆறு மாதம், ஓராண்டு, அதற்கும் மேல் காத்திருக்கச் சொல்லும். எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதைத் திரட்டித் தருவதற்கென்றே ஒரு தரவுத்தளம் பிரிட்டனில் இயங்குகிறது. 'ஷெர்பா ரோமியோ' என்று அறியப்பட்டிருந்த அதற்கு இப்போது 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்' என்று பெயர்.

சட்டமும் சில நாடுகளில் ஆசிரியருக்குத் துணை நிற்கிறது. பெல்ஜியம் 2018-இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆய்வுச் செலவில் பாதியாவது பொதுப்பணமாக இருந்தால், வெளிவந்து அறிவியல் துறைகளில் ஆறு மாதமும் சமூக அறிவியல், கலைப்புலத் துறைகளில் பன்னிரண்டு மாதமும் கழிந்தபின் ஆசிரியர் தன் கட்டுரையை எல்லோருக்கும் திறந்துவிடலாம். உரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் இந்த உரிமை போகாது.

மாணவிக்குக் கிடைத்தது அந்த இரண்டாவது பிரதி. மதிப்பாய்வில் தேறிய அதே வாதம், அதே தரவு, அதே முடிவு. அச்சுக்கோப்பு மட்டும் எளிமையாக, இரட்டை வரி இடைவெளியுடன் இருந்தது.

களஞ்சியம் என்பது என்ன

ஒரு பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவர்களும் படிப்பவர்களும் எழுதிய கட்டுரைகள், ஆய்வேடுகள், மாநாட்டு உரைகள், நூல் இயல்கள் ஆகியவற்றைச் சேர்த்து, விவரம் எழுதி, உலகுக்குத் திறந்துவைத்து, கெடாமல் காக்கும் இணைய அலமாரிதான் களஞ்சியம். பெரும்பாலும் நூலகம்தான் அதை நடத்தும். ஆய்விதழ் துறைவாரியாகச் சேர்க்கிறது; களஞ்சியம் தன் வீட்டில் விளைந்ததைச் சேர்க்கிறது. வேதியியலும் வரலாறும் கால்நடை மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

இயற்பியலாளர்கள் இதற்கு முன்பே துறை அளவில் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பால் கின்ஸ்பார்க் 1991-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய 'ஆர்க்கைவ்' அது. பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென வைத்துக்கொள்ளத் தேவையான இலவச மென்பொருள் பின்னால் வந்தது. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2000-இல் 'ஈபிரிண்ட்ஸ்' மென்பொருளைத் தந்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் ஹியூலெட் பேக்கார்டும் சேர்ந்து 2002-இல் 'டிஸ்பேஸ்' தந்தன. அதே 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வெளியானது. ஆய்வுக் கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்பதைக் குறிக்கும் 'திறந்த அணுக்கம்' என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் வரையறை கிடைத்தது அதில்தான். இந்தியா பின்தங்கிவிடவில்லை என்பதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி: பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அந்த ஆண்டே ஈபிரிண்ட்ஸ் மென்பொருளில் தன் களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது.

மென்பொருள் வந்துவிட்டது, அறிக்கை வந்துவிட்டது, அனுமதியும் ஓரளவு இருந்தது. ஆனாலும் உலகெங்கும் பல களஞ்சியங்கள் காலியாகவே கிடந்தன. ஆய்வாளர்கள் கட்டுரை போடவில்லை.

காலி அலமாரியும் லியேஜ் நகரமும்

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கட்டுரை வெளிவந்ததும் ஆய்வாளரின் மனம் அடுத்ததற்குப் போய்விடுகிறது. எந்தப் பிரதியைப் போடுவது, பதிப்பகம் வழக்குப் போடுமா என்ற குழப்பமும் இருக்கிறது. போடாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. போட்டால் அரை மணி நேரம் செலவு. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் 2005-இல், தன் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தது. முதல் மாதங்களில் ஐந்து விழுக்காடுகூடத் தேறவில்லை. 2008-இல் வேண்டுகோளைக் கட்டாயமாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

இந்த முடிச்சை மிக நேர்த்தியாக அவிழ்த்தது, என் கணிப்பில், பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில் உள்ள லியேஜ் பல்கலைக்கழகம். அங்கே 2005 முதல் 2014 வரை ரெக்டராக, அதாவது நம் ஊர்த் துணைவேந்தருக்கு நிகரான பொறுப்பில், இருந்தவர் பெர்னார் ரான்தியே. வைரஸ்களை ஆராய்ந்தவர். ஒரு பல்கலைக்கழகம் தான் வெளியிடும் ஆய்வுகளின் முழுக் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 2007-இல் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. 2008 நவம்பரில் 'ஓர்பி' என்ற களஞ்சியம் திறக்கப்பட்டது. 2002 முதல் வெளிவந்த எல்லா வெளியீடுகளின் விவரமும், கட்டுரையானால் அதன் முழு உரையும், அங்கே வைக்கப்பட வேண்டும் என்று விதித்தார்கள்.

வெறும் விதியாக மட்டும் இருந்திருந்தால் இதுவும் சுற்றறிக்கையோடு போயிருக்கும். ரான்தியே அதனுடன் ஒன்றைச் சேர்த்தார். பதவி உயர்வுக்கோ உள்நிதிக்கோ விண்ணப்பிக்கும் ஆசிரியரின் வெளியீட்டுப் பட்டியல் ஓர்பியிலிருந்துதான் எடுக்கப்படும். அங்கே இல்லாத கட்டுரை மதிப்பீட்டுக் குழுவின் கண்ணுக்கு இல்லாத கட்டுரை. தண்டனை என்று எதுவும் இல்லை. கட்டுரையைக் களஞ்சியத்தில் வைப்பது ஆய்வு வேலையின் கடைசிப் படியாக மாறிவிட்டது, அவ்வளவுதான். பட்டியலைத் தனியாகத் தட்டச்சு செய்யும் வேலையும் ஆசிரியர்களுக்கு மிச்சமானது. அலமாரி நிரம்பியது. சில ஆண்டுகளில் பக்கத்து நாடான லக்சம்பர்க்கின் பல்கலைக்கழகம் இதே முறையையும் இதே பெயரையும் ஏற்று 'ஓர்பிலு' என்று தொடங்கியது.

அங்கே ஓர் ஆசிரியர் கட்டுரையை வைக்கும் முறையைச் சொல்கிறேன். பிற இடங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான். பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்து, தலைப்பு, உடன் எழுதியவர்கள், இதழின் பெயர், ஆண்டு, சுருக்கம் ஆகியவற்றை நிரப்புகிறார். கோப்பை ஏற்றுகிறார், அது மூன்று பிரதிகளில் எது என்று குறிக்கிறார். யார் பார்க்கலாம் என்று தேர்கிறார். பதிப்பகம் ஓராண்டு காத்திருக்கச் சொன்னால் அந்தத் தேதியைக் கொடுத்துவிடலாம். நாள் வந்ததும் களஞ்சியம் தானே பூட்டைத் திறந்துவிடும்.

காத்திருக்கும் அந்த ஓராண்டில் கட்டுரை யாருக்கும் கிடைக்காதா? கிடைக்கும். பூட்டிய கட்டுரையின் பக்கத்தில் 'பிரதி கேட்க' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போகும். அவர் சம்மதித்தால் உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பிரதி வரும். இணையம் வருவதற்கு முன்பு ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை எழுதி, அச்சான கட்டுரையின் தனிப்படி அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். இதழே ஆசிரியருக்குச் சில தனிப்படிகளைக் கொடுத்து வைத்திருக்கும். அந்தப் பழைய மரியாதையின் தொடர்ச்சி இந்தப் பொத்தான். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் உழைப்பை உறையில் போட்டு அனுப்பிய அந்த வழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உலகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது

லியேஜில் வைத்த கட்டுரையைப் படிக்க யாரும் லியேஜ் களஞ்சியத்தின் முகவரியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டுரையோடும் ஒரு விவரச் சீட்டு இருக்கும். இதைத் தமிழில் மீதரவு என்கிறார்கள்: கட்டுரையைப் பற்றிய தகவல். இந்தச் சீட்டை உலகமெங்கும் ஒரே மாதிரி எழுத 'டப்ளின் கோர்' என்ற ஒழுங்குமுறை உண்டு. தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, உரிமை என்று பதினைந்து கூறுகள். இதை அயர்லாந்தின் டப்ளின் என்று பலர் நினைப்பார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் அது. 1995-இல் கூட்டம் நடந்த ஊர்.

சீட்டுகள் ஒரே மாதிரி இருப்பதால், இயந்திரங்கள் களஞ்சியம் களஞ்சியமாகப் போய், "சென்ற வாரத்துக்குப் பிறகு புதிதாக வந்தவை எவை?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம். துறையில் இதை அறுவடை என்றே சொல்கிறார்கள். 2001 முதல் அதற்கு ஒரு பொது நெறிமுறை இருக்கிறது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் 'பேஸ்', பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் நடத்தும் 'கோர்' ஆகிய தேடுபொறிகள் ஆயிரக்கணக்கான களஞ்சியங்களிலிருந்து இப்படி அறுவடை செய்கின்றன. கூகுள் ஸ்காலர் தன் வழியில் களஞ்சியப் பக்கங்களைப் படித்துக்கொள்கிறது. அங்கே ஒரு கட்டுரையின் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் திறந்து பார்த்தால், பதிப்பகத்தின் பிரதியோடு களஞ்சியப் பிரதியும் வரிசையில் நிற்கும். நான் மாணவிக்குக் காட்டியது அதைத்தான்.

வைப்பது வேறு, காப்பது வேறு

ஒரு பேராசிரியர் தன் கட்டுரையைத் தன் சொந்த இணையப் பக்கத்தில் போட்டுவிடலாமே, களஞ்சியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர் ஓய்வு பெற்றால் அந்தப் பக்கம் என்ன ஆகும்? ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று சட்ட அறிஞர்கள் இதை எண்ணிப் பார்த்தார்கள். 'ஹார்வர்ட் லா ரிவ்யூ' உள்ளிட்ட சட்ட இதழ்களில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்டவற்றில் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்குப் போகவில்லை என்று கண்டார்கள். தீர்ப்பின் ஆதாரமே காணாமல் போகிற அளவுக்கு இணையம் மறதி மிக்கது.

களஞ்சியம் இதை நிலை முகவரியால் எதிர்கொள்கிறது. ஓர்பியில் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் 2268 என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. அது லியேஜின் எண். சாய்கோட்டுக்குப் பின் கட்டுரையின் எண் வரும். இந்த எண்ணுக்கு உரிய கட்டுரை இப்போது எந்தக் கணினியில் இருக்கிறது என்று ஒரு பொதுப் பதிவேடு சொல்லும். வீடு மாறும்போது அஞ்சலகத்தில் புது முகவரியைச் சொல்லி வைத்தால் கடிதம் வந்து சேருமே, அதுபோலத்தான். நாளை சர்வரோ மென்பொருளோ மாறினாலும் பதிவேட்டைத் திருத்தினால் போதும். பழைய நூல்களில் அச்சான எண் தொடர்ந்து வேலை செய்யும்.

அடுத்தது, கோப்பு கெடாமல் இருக்கிறதா என்ற சோதனை. வன்வட்டில் கிடக்கும் கோப்பு யாரும் தொடாமலே பழுதாகலாம். ஆகவே கோப்பு உள்ளே வந்த அன்றே மென்பொருள் அதை ஒரு கணக்கில் இட்டு, 32 எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகையை எடுத்து வைத்துக்கொள்ளும். கட்டுரையில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். அவ்வப்போது மறுபடி எடுத்து ஒப்பிட்டு, மாறியிருந்தால் வேறிடத்தில் உள்ள நல்ல பிரதியிலிருந்து மீட்பார்கள். அதற்கு வேறிடத்தில் பிரதி இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு பாதுகாப்புத் திட்டம், 'பிரதிகள் பல இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும்' என்ற கருத்தையே தன் பெயராக வைத்துக்கொண்டு, பல நூலகங்களில் ஒரே கோப்பை வைத்து ஒன்றோடொன்று சரிபார்க்கிறது.

கோப்பு அப்படியே இருந்தும் படிக்க முடியாமல் போவது இன்னொரு ஆபத்து. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் நாம் பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று பல எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தோம். பாமினியில் அடித்த 'அம்மா'வை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் தெரியும். கோப்பில் ஒரு துளி பழுதில்லை. கைரேகை அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் அம்மா அங்கே இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்ற பிறகும் அச்சுக்கூடங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பழைய எழுத்துருக்கள் போகவில்லை.

இதனால்தான் பாதுகாப்பவர்கள் கோப்பின் வடிவத்தைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார்கள். நெடுங்காலச் சேமிப்புக்கென்றே பிடிஎஃப் கோப்பின் ஒரு வகை 2005-இல் பன்னாட்டுத் தரமாக வந்தது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் கூடாது, வெளியே உள்ள எதையும் நம்பியிருக்கக் கூடாது என்பவை அதன் விதிகள். கண்ணுக்கு எழுத்து சரியாகத் தெரிய இது போதும். தேடுபொறி படிக்க வேண்டுமானால் உள்ளே இருப்பது ஒருங்குறியாகவும் இருக்க வேண்டும்.

நம் நாட்டின் ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' இருக்கிறது. இது ஒரே பல்கலைக்கழகத்தின் களஞ்சியம் இல்லை. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நாடு முழுவதற்குமாக டிஸ்பேஸ் மென்பொருளில் நடத்துவது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதி முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்பிரதியை ஒப்படைக்கச் சொன்னது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகள் அதில் ஏராளம், இயல் இயலாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. பழையவை பல, தாளை ஒளிவருடி எடுத்த படங்கள். வேறு சில, பழைய எழுத்துருவில் அடித்தவை. திறந்து படிக்கலாம், உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. ஓர் ஊரின் பெயரையோ ஒரு கலைஞரின் பெயரையோ தேடும் ஆய்வாளருக்கு, அந்தப் பெயரை நூறு முறை சொல்லும் ஆய்வேடு கண்ணில் படாமலே போகிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

மாணவி கிளம்பும் முன் இரண்டு சந்தேகங்கள் கேட்டார். பக்க எண் இல்லாத இந்தப் பிரதியை எப்படி மேற்கோள் காட்டுவது? ஆய்விதழின் பெயர், ஆண்டு, தொகுதி எண்ணையே கொடுங்கள். படித்தது திருத்தி ஏற்கப்பட்ட பிரதி என்று குறித்து, களஞ்சியத்தின் நிலை முகவரியைச் சேருங்கள். பக்க எண்ணுக்குப் பதில் உட்தலைப்பைச் சொல்லலாம் என்றேன். களஞ்சியத்திலும் இல்லாத கட்டுரைக்கு? ஆசிரியருக்கு நேராக நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள் என்றேன்.

பிறகு நான் ஒன்று கேட்டேன்: உங்கள் ஆய்வேட்டை எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள்? முதல் இயலும் மூன்றாம் இயலும் ஒருங்குறி. இரண்டாவதைத் தட்டச்சு நிலையத்தில் கொடுத்ததால் அது பாமினி. கோப்பைத் திறக்கச் சொன்னேன். அறுபத்திரண்டு பக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் மாற்றத் தொடங்கினோம்.